செலோபேன் குழலில் தொடங்கி செயற்கை இதயம் வரை: வில்லெம் கோல்ஃபின் வேலையை வகுப்பில் செய்து காட்டுவது எப்படி

டயாலிசிஸ் என்ற சொல்லைக் கேள்விப்படாத வீடு இன்று அநேகமாக இல்லை. ஆனால் அதை நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திய வில்லெம் கோல்ஃப் என்ற நெதர்லாந்து மருத்துவரைப் பற்றி மாணவர்களிடம் பேசப் போனால், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, வாங்கிய விருதுகள் என்று பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. கேட்ட பிள்ளைகளுக்கு ஒன்றும் நிற்பதில்லை. அவர் வாழ்நாள் முழுக்கக் கையால் வேலை செய்தவர், அதனால் அவர் கதையையும் கையால் சொல்வதுதான் சரி என்பது என் உறுதியான எண்ணம். எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை யாருக்கும் இதைச் செய்து காட்டலாம். இரண்டு மணி நேரமும், கொஞ்சம் தண்ணீரும், நனைந்தாலும் பரவாயில்லை என்ற ஒரு மேசையும் போதும். சிறுநீரக தினம் மார்ச் மாதம் இரண்டாவது வியாழக்கிழமை வருகிறது, நாள் தேடுபவர்கள் அதை வைத்துக்கொள்ளலாம்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். உங்கள் வகுப்பில் அப்பாவுக்கோ பாட்டிக்கோ டயாலிசிஸ் நடக்கும் ஒரு பிள்ளை இருக்கலாம். முதல் நாளே வகுப்பாசிரியரிடம் விசாரித்துவிடுங்கள். அப்படி யாராவது இருந்தால் அந்தப் பிள்ளையிடம் தனியாக, இன்னது செய்யப் போகிறோம், இருக்கிறாயா என்று கேட்டுவிடுவது நல்லது. இறந்தவர்களைப் பற்றியும் இதில் பேச வேண்டியிருக்கும்.

என்னென்ன வேண்டும்

முக்கியமான பொருள் ஒன்றே ஒன்றுதான், டயாலிசிஸ் குழல். ஆய்வகப் பொருள் விற்கும் கடைகளில் விஸ்கிங் குழல் என்று கேட்டாலும் புரியும், மீட்டர் கணக்கில் தருவார்கள். தட்டையாக வைத்தால் 25 மில்லிமீட்டர் அகலம் வரும் ரகமாக மூன்று மீட்டர் வாங்குங்கள். இந்தக் குழலின் பூர்வீகம் சாசேஜ் என்ற இறைச்சிப் பண்டத்துக்கு உறை செய்யும் தொழிற்சாலை. கோல்ஃப் எடுத்துக்கொண்டதும் அதே உறைதான், மரக்கூழிலிருந்து செய்த செலோபேன். அன்பளிப்பைச் சுற்றித் தருகிற பளபளப்புத் தாளையும் கடைக்காரர் செலோபேன் என்றே சொல்லுவார், அதை வாங்கி ஏமாறாதீர்கள். இப்போது வருவதில் பெரும்பாலானது வெறும் பிளாஸ்டிக், அதன் வழியே எதுவும் போகாது, இரண்டு மணி நேரம் காத்திருந்தாலும் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும்.

மற்றவை எல்லாம் பக்கத்திலேயே கிடைக்கும். சோறு வடித்த கஞ்சி ஒரு டம்ளர், பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டு வடிகட்டியது. குளுக்கோஸ் பொடி. கேசரிப் பவுடர் மாதிரி உணவு நிறமி. பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் அயோடின் கரைசலும் பெனடிக்ட் கரைசலும் (பெனடிக்ட் கிடைக்காவிட்டால் மருந்துக்கடையில் சிறுநீர்ச் சர்க்கரை பார்க்கும் பட்டை கேட்டு வாங்குங்கள்). இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில் ஒன்று, நீளமான கம்பி ஒன்று, கேக் தட்டு மாதிரி ஆழமான தட்டு ஒன்று. இதயம் செய்வதற்கு 50 மில்லி சிரிஞ்ச் ஒன்று ஊசி இல்லாமல், மீன்தொட்டிக் கடையில் விற்கும் ஒருவழி வால்வு இரண்டு, டி வடிவ இணைப்பு ஒன்று, கொஞ்சம் காற்றுக் குழாய்.

ரத்தம் வேண்டவே வேண்டாம். கறிக்கடையில் வாங்கி வந்து செய்யலாமா என்று ஆர்வமுள்ள பையன் எவனாவது கேட்பான், முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

முதலில் அந்த இளைஞனைச் சொல்லுங்கள், பிறகு யூரியாவை எடை போடுங்கள்

பிறந்த ஊரிலிருந்து தொடங்காதீர்கள். 1938-ல் தொடங்குங்கள். கோல்ஃப் அப்போது படிப்பு முடித்த கையோடு க்ரோனிங்கன் பல்கலைக்கழக மருத்துவமனையில் சேர்ந்திருந்த இளம் மருத்துவர். அவர் பொறுப்பில் இருபத்திரண்டு வயது இளைஞன் ஒருவன், விவசாயக் குடும்பம், சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து வாந்தியும் தலைவலியுமாகக் கண்பார்வை மங்கிச் செத்துக்கொண்டிருந்தான். அவனுடைய அம்மாவிடம் போய், உங்கள் ஒரே மகன் பிழைக்க மாட்டான் என்று சொல்ல வேண்டியது கோல்ஃபின் வேலை. அந்த நாளில் அதற்கு வைத்தியம் எதுவும் கிடையாது. அவர் அப்போது போட்ட கணக்கு மிக எளிமையானது. சிறுநீரில் போக வேண்டிய கழிவுதான் யூரியா, அந்த உடம்பிலிருந்து ஒரு நாளைக்கு 20 கிராம் யூரியாவை எடுத்துவிட முடிந்தால் இவன் பிழைத்துக்கொள்வானே.

இதைச் சொல்லிவிட்டு உடனே ஒரு தராசை எடுங்கள். வயலுக்குப் போடுகிற யூரியா உரம் எல்லா ஊரிலும் கிடைக்கும். அதை 20 கிராம் நிறுத்து ஒரு தாளில் கொட்டிக் காட்டுங்கள். வேதியியலில் இரண்டும் ஒரே பொருள்தான். ஒரு பிடிகூட இல்லாத அந்த வெள்ளை உருண்டைகளைப் பார்த்ததும் வகுப்பு அமைதியாகிவிடும், ஏனென்றால் இவ்வளவுதானா என்ற கேள்வி எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வரும். கோல்ஃபுக்கு வந்ததும் அந்தக் கேள்விதான். (தொட்ட கையைக் கழுவச் சொல்லுங்கள்.)

இங்கே ஒரு நேர்மையும் தேவை. டயாலிசிஸைக் கண்டுபிடித்த முதல் மனிதர் கோல்ஃப் என்று சொல்லாதீர்கள். அமெரிக்காவில் ஜான் ஏபெல் 1913-லேயே நாய்களின் ரத்தத்தை உடம்புக்கு வெளியே எடுத்துச் சவ்வுக் குழல்கள் வழியே ஓடவிட்டுப் பார்த்தார், ரத்தம் உறையாமல் இருக்க அட்டைப்பூச்சியிலிருந்து எடுத்த பொருளைப் பயன்படுத்தினார். ஜெர்மனியில் கியோர்க் ஹாஸ் 1924-ல் மனிதருக்கே செய்து பார்த்தார். அவர்களிடம் நல்ல சவ்வும் இல்லை, உறையாமல் காக்கும் நல்ல மருந்தும் இல்லை. கோல்ஃப் காலத்தில் செலோபேனும் ஹெப்பாரினும் வந்துவிட்டன. செலோபேனைப் பற்றி அவருக்குச் சொன்னவர் அதே பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் பேராசிரியர் பிரிங்க்மன். நல்ல வேளையில் நல்ல பொருள் கைக்கு வந்தது என்பதை மறைத்துவிட்டு மேதை ஒருவர் வானத்திலிருந்து குதித்தார் என்று சொல்வது மாணவர்களுக்குச் செய்யும் துரோகம்.

கஞ்சிப் பை

இது கோல்ஃப் செய்த முதல் சோதனையின் நகல். அவர் செலோபேன் குழல் துண்டில் கொஞ்சம் ரத்தமும் யூரியாவும் போட்டு, இரு பக்கமும் கட்டி, உப்புநீரில் வைத்து ஆட்டினார். சில நிமிடங்களில் யூரியாவில் பெரும்பகுதி வெளியே போய்விட்டது. நாம் ரத்தத்துக்குப் பதில் கஞ்சியும் யூரியாவுக்குப் பதில் குளுக்கோஸும் வைக்கிறோம்.

20 சென்டிமீட்டர் குழலை வெட்டித் தண்ணீரில் ஐந்து நிமிடம் ஊறப் போடுங்கள். காய்ந்திருக்கும்போது முரட்டுத் தாள் மாதிரி இருக்கும், ஊறியதும் விரல்களுக்கு நடுவே தேய்த்தால் வாய் திறக்கும். ஒரு முனையை மடித்து நூலால் இறுகக் கட்டுங்கள், வெறும் முடிச்சு போட்டால் ஒழுகும். உள்ளே 20 மில்லி கஞ்சித் தண்ணீர், அதில் இரண்டு தேக்கரண்டி குளுக்கோஸ் கரைத்து ஊற்றிவிட்டு மறுமுனையையும் அப்படியே கட்டுங்கள். அப்புறம் பையின் வெளிப்பக்கத்தைக் குழாயடியில் நன்றாகக் கழுவுங்கள். இந்தக் கழுவலை விட்டுவிட்டால் வெளியே சிந்திய குளுக்கோஸே சோதனையில் காட்டிவிடும், நீங்கள் எதையும் நிரூபித்ததாக ஆகாது.

200 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் பையைப் போட்டு, போட்டவுடன் வெளித்தண்ணீரில் கொஞ்சம் ஒரு சோதனைக் குழாயில் எடுத்து வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இப்படி எடுத்து வைத்து, அரை மணி கழித்து எல்லாவற்றிலும் பெனடிக்ட் கரைசல் விட்டுக் கொதிநீரில் நிறுத்துங்கள். முதல் குழாய் நீலமாகவே இருக்கும், அடுத்தடுத்தவை பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என்று மாறும். அந்த வரிசையைப் பார்த்தாலே குளுக்கோஸ் எப்படி வெளியேறியது என்று புரிந்துவிடும். இந்த மாதிரிகளை எல்லாம் எடுத்து முடித்த பிறகுதான் வெளித்தண்ணீரில் அயோடின் விட வேண்டும், முன்பே விட்டால் குளுக்கோஸ் சோதனை கெட்டுவிடும். அயோடின் விட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்தால் பைக்குள் இருக்கும் கஞ்சி கருநீலமாகும், வெளியே மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும். அயோடின் உள்ளே போயிருக்கிறது, மாவுச்சத்து வெளியே வரவில்லை.

ரத்தத்தில் இருக்கும் அணுக்களும் புரதமும் இந்தக் கஞ்சியைப் போலத்தான், சவ்வைத் தாண்ட முடியாத அளவு பெரியவை. யூரியா குளுக்கோஸைவிடவும் சிறியது, மூலக்கூறு எடை 60-தான், குளுக்கோஸுக்கு 180. சிறுநீரக இயந்திரத்தின் அடிப்படை மொத்தமும் இந்தப் பையில் முடிந்துவிடுகிறது.

ஏன் உப்புநீர் என்று யாராவது கேட்பார்கள், கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். வெளியே வெறும் தண்ணீர் இருந்தால் யூரியாவோடு சேர்ந்து உடம்புக்குத் தேவையான உப்புகளும் வெளியேறிவிடும், தண்ணீர் வேறு உள்ளே புகுந்துவிடும். உங்கள் பை அரை மணியில் புடைத்து இறுகியிருப்பதைத் தொட்டுப் பார்க்கச் சொன்னால் அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

பரப்பு, அசைவு, மாற்றம்

யூரியா வெளியேறும் என்று தெரிந்த பிறகும் கோல்ஃபுக்கு ஐந்து ஆண்டு தேவைப்பட்டது. ஒரு பையில் நடப்பதை ஒரு மனிதன் அளவுக்குப் பெரிதாக்க வேண்டும். இந்த மூன்று சிறு சோதனைகளை மூன்று குழுக்களுக்குப் பிரித்துக் கொடுங்கள், நேரமும் மிச்சம்.

முதல் குழு, ஒரே அளவு நிறத்தண்ணீரை ஒரு குட்டையான தடித்த பையிலும் ஒரு நீளமான தட்டைப் பையிலும் கட்டி, ஒரே அளவு தண்ணீரில் வைத்து எதில் நிறம் சீக்கிரம் வெளியே வருகிறது என்று பார்க்கட்டும். இரண்டாவது குழு ஒரே மாதிரி இரண்டு பைகளில் ஒன்றை அசையாமல் வைத்து இன்னொன்றை மெல்ல ஆட்டிக்கொண்டே இருக்கட்டும். மூன்றாவது குழு, வெளித்தண்ணீரின் நிறமும் உள்ளே இருப்பதும் நெருங்கி வந்து நின்றுபோகும் வரை காத்திருந்து, பிறகு வெளித்தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றிப் பார்க்கட்டும். நின்றுபோன வேலை மறுபடி தொடங்கும். பரப்பு கூட வேண்டும், அசைய வேண்டும், வெளியே சுற்றியிருக்கும் தண்ணீர், அதாவது குளியல் நீர், நிறைய வேண்டும், அதை மாற்றவும் வேண்டும். கோல்ஃபின் இயந்திரம் ஏன் அந்த விசித்திரமான உருவத்தில் இருந்தது என்பதற்கு இந்த நான்குதான் காரணம்.

நிறம் வருவதற்குக் காத்திருக்கும் நேரத்தில் போர்க்காலக் கதையைச் சொல்லிவிடலாம். 1940 மே 10-ம் தேதி ஜெர்மன் படை நெதர்லாந்துக்குள் நுழைந்தபோது கோல்ஃப் ஒரு சாவுக்காக ஹேக் நகரத்துக்கு வந்திருந்தார். குண்டு விழுவதைப் பார்த்ததும் அங்கிருந்த மருத்துவமனைக்குப் போய், நான் உங்களுக்கு ஒரு ரத்த வங்கி அமைத்துத் தரட்டுமா என்று கேட்டு, நான்கே நாளில் அமைத்துக் கொடுத்தார். ஐரோப்பாக் கண்டத்தில் அதுதான் முதல் ரத்த வங்கி என்று சொல்வார்கள். க்ரோனிங்கனில் அவருக்கு ஆதரவாக இருந்த யூதப் பேராசிரியர் போலாக் டேனியல்ஸும் அவர் மனைவியும் தற்கொலை செய்துகொண்டார்கள். அந்த இடத்துக்கு நாஜி ஆதரவாளர் ஒருவர் வர, அவருக்குக் கீழே வேலை செய்ய மனமில்லாமல் கோல்ஃப் காம்பென் என்ற சிற்றூரின் சிறிய மருத்துவமனைக்குப் போனார். உலகின் முதல் உருப்படியான செயற்கைச் சிறுநீரகம் பெரிய ஆய்வகம் எதிலும் பிறக்காமல் அந்தச் சிற்றூரில் பிறந்ததற்கு இதுதான் காரணம். காம்பெனில் எனாமல் பாத்திரத் தொழிற்சாலை நடத்திவந்த ஹெண்ட்ரிக் பெர்க் இயந்திரத்தைக் கட்டித் தர உதவினார். எனாமல் தொட்டியும் உலோக வேலையும் தெரிந்த ஆட்கள் அவரிடம் இருந்தார்கள். விழுந்த போர் விமானத்தின் அலுமினியம், கார் உதிரிபாகம் என்று இந்த இயந்திரத்தைச் சுற்றி நிறையக் கதைகள் உலவுகின்றன. கதை என்று சொல்லியே சொல்லுங்கள்.

உருளை இயந்திரம்

இனி கட்ட வேண்டியதுதான். குளிர்பான பாட்டிலின் மூடியிலும் அடியிலும் நடுவில் ஓட்டை போட்டுக் கம்பியைச் செருகி, ஒழுகாமல் எம்-சீல் வைத்து அடையுங்கள். கம்பியின் ஒரு முனையை வளைத்தால் கைப்பிடி தயார். அட்டைப்பெட்டி ஒன்றின் எதிரெதிர்ப் பக்கங்களில் பள்ளம் வெட்டிக் கம்பியை அதில் உட்காரவைத்து, பாட்டிலின் கீழ்ப்பகுதி தட்டில் இருக்கும் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு மூழ்கும்படி உயரத்தைச் சரிசெய்யுங்கள். காலி பாட்டில் மிதந்து மேலே எழும்பப் பார்க்கும், அதனால் பள்ளத்தின் வாயை மேலே டேப்பால் அடைத்துவிடுங்கள்.

இரண்டு மீட்டர் குழலை ஊறவைத்து, ஒரு முனையைக் கட்டி, 60 மில்லி அடர்ந்த நிறத்தண்ணீரை உள்ளே விட்டு, காற்றை விரலால் வழித்து வெளியேற்றிவிட்டு மறுமுனையைக் கட்டுங்கள். இதைப் பாட்டிலைச் சுற்றி ஒரு விரல் இடைவெளி விட்டுச் சுருளாகச் சுற்றி இரு முனைகளையும் டேப் ஒட்டுங்கள். ஆறு சுற்று வரும். ஈரத்தில் டேப் ஒட்டாது, அதனால் முனைகளின் மேல் ரப்பர் பேண்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

மெதுவாகச் சுற்றுங்கள். குழலுக்குள் இருக்கும் நீர் ஒவ்வொரு சுருளிலும் அடியிலேயே தேங்க, உருளை சுற்றச் சுற்ற அது பக்கவாட்டில் ஒரு முனையை நோக்கி நகர்ந்துகொண்டே போகும். எதிர்ப்பக்கம் சுற்றினால் திரும்பி வரும். பம்ப் எதுவும் இல்லாமலே ரத்தம் இயந்திரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனது இப்படித்தான். கோல்ஃபின் உருளை மரச்சட்டங்களால் ஆனது, அதைச் சுற்றி 20 மீட்டருக்குக் குறையாத செலோபேன் குழல், கீழே சுமார் 100 லிட்டர் உப்புநீர்த் தொட்டி. பத்து நிமிடம் பிள்ளைகளை மாற்றி மாற்றிச் சுற்றவிட்டால் தட்டுத் தண்ணீர் நிறம் மாறுவது கண்ணுக்குத் தெரியும்.

நம் மாதிரியில் குழலின் இரு முனையும் கட்டப்பட்டிருக்கின்றன. நிஜத்தில் அசையாமல் படுத்திருக்கும் நோயாளியிடமிருந்து சுற்றிக்கொண்டிருக்கும் உருளைக்குள் ரத்தம் போகவும் வரவும் வேண்டும், குழாய் முறுக்கிக்கொள்ளக் கூடாது, ஒழுகவும் கூடாது. இதை எப்படிச் செய்வீர்கள் என்று மாணவர்களிடமே விட்டுவிடுங்கள், பதிலைச் சொல்ல அவசரப்படாதீர்கள். கோல்ஃப் அதற்கு ஃபோர்டு காரின் வாட்டர் பம்பில் இருந்த சுழல் இணைப்பைப் பின்பற்றினார்.

அப்புறம் கணக்கு. தட்டையாக 25 மில்லிமீட்டர் அகலம், இரண்டு பக்கம், இரண்டு மீட்டர் நீளம் என்றால் உங்கள் உருளையின் பரப்பு 0.1 சதுர மீட்டர். இன்று மருத்துவமனையில் பயன்படும் டயலைசர் என்ற வடிகட்டிக்குள் சுமார் 200 மைக்ரான் உள்விட்டம் கொண்ட பத்தாயிரம் இழைகள் இருப்பதாகவும் ஒவ்வொன்றும் 25 சென்டிமீட்டர் நீளம் என்றும் வைத்துக்கொண்டு பரப்பைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், ஒன்றரைச் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். நிமிடத்துக்கு 500 மில்லி குளியல் நீர், நான்கு மணி நேரம் என்றால் ஒரு முறைக்கு 120 லிட்டர். வாரம் மூன்று முறை. ஒரு நோயாளிக்கு எவ்வளவு சுத்தமான தண்ணீர் தேவைப்படுகிறது என்று அவர்களே கண்டுபிடிக்கும்போது டயாலிசிஸ் மையம் ஒன்றை நடத்துவது எவ்வளவு பெரிய வேலை என்பதும் தெரியவரும்.

இறந்தவர்களைத் தாண்டிப் போகாதீர்கள்

பலர் 1943-லிருந்து ஒரே தாவாக 1945-க்குப் போய்விடுகிறார்கள். இந்த இடத்தில்தான் நிதானமாக நிற்க வேண்டும். 1943 மார்ச்சில் முதலில் இயந்திரத்தில் இணைக்கப்பட்டவர் இருபத்தொன்பது வயதுப் பெண். ஒவ்வொரு முறையும் தெளிந்தார், மறுபடி மயங்கினார். பன்னிரண்டு முறை செய்த பிறகு ஊசி குத்த நல்ல ரத்தக்குழாய் மிச்சமில்லாமல் போக, அவர் இறந்தார். முதல் பதினைந்து நோயாளிகளில் கிட்டத்தட்ட எல்லோரும் இறந்துபோனார்கள். வேறு வழியே இல்லாதவர்களுக்குத்தான் அவர் செய்தார் என்றாலும், இத்தனை சாவுக்குப் பிறகும் தொடர்ந்தது சரியா என்று மாணவர்கள் கேட்டால் அந்தக் கேள்வியை மழுப்பாதீர்கள். நான் நினைப்பது இது: ஒவ்வொரு முறையும் யூரியா குறைந்தது, நினைவு திரும்பியது, அதை அவர் அளந்து எழுதி வைத்துத் தோல்வியையும் சேர்த்து வெளியிட்டார். அளக்காமல், எழுதாமல் செய்திருந்தால் என்னால் அதை ஏற்க முடியாது.

1945 செப்டம்பரில் அறுபத்தேழு வயது மரியா ஷாஃப்ஸ்டாட் கோமா நிலையில் வந்தார். நாஜிகளுக்கு ஆதரவாக இருந்ததற்காகச் சிறையில் இருந்தவர், ஊரில் அவரைக் காப்பாற்றக் கூடாது என்று நினைத்தவர்கள் உண்டு. போரின்போது ஜெர்மானியரிடமிருந்து ஆட்களை ஒளித்துவைத்த கோல்ஃப், அந்த அம்மாவைப் பதினோரு மணி நேரத்துக்கு இயந்திரத்தில் வைத்தார். கண் விழித்த அம்மா முதலில் சொன்னது, என் புருஷனை விவாகரத்து செய்யப் போகிறேன் என்பது. செய்யவும் செய்தார், இன்னும் பல ஆண்டு உயிரோடும் இருந்தார். இயந்திரத்தால் பிழைத்த முதல் நோயாளி இவர்தான். நோயாளி யார், எந்தப் பக்கம் என்று மருத்துவர் பார்க்கலாமா என்று ஐந்து நிமிடம் பேசவிடுங்கள். பெரிய வகுப்புகளில் அந்த ஐந்து நிமிடம் அரை மணியாகிவிடும், ஆகட்டும்.

போர் முடிந்ததும் அவர் செய்த காரியம் எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. கட்டி வைத்திருந்த இயந்திரங்களை லண்டன், நியூயார்க், மான்ட்ரியால் என்று இலவசமாக அனுப்பிவைத்தார், காப்புரிமை வாங்கவில்லை. பாஸ்டன் மருத்துவமனை ஒன்றில் அதே வடிவத்தை மேம்படுத்த, அது கொரியப் போரில் காயமடைந்த வீரர்களுக்குப் பயன்பட்டது.

சிரிஞ்சில் ஓர் இதயம்

சிறுநீரகத்திலிருந்து இதயத்துக்கு எப்படிப் போனார் என்பதற்கு ஓர் அழகான கண்ணி இருக்கிறது. உருளைக்குள் கருஞ்சிவப்பாக நுழைந்த ரத்தம் வெளியே வரும்போது நல்ல சிவப்பாக இருப்பதை அவர் கவனித்தார். செலோபேன் வழியாக ஆக்சிஜனும் போகிறது என்று பொருள். அப்படியென்றால் நுரையீரலையும் செய்யலாமே! 1950-ல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து கிளீவ்லாண்ட் கிளினிக்கில் சேர்ந்த பிறகு சவ்வு ஆக்சிஜனேற்றியில் வேலை செய்தார். பழச்சாறு டின்னும் ஜன்னல் வலையும் வைத்துத் தொடங்கிய இரட்டைச் சுருள் சிறுநீரகம் 1956-ல் வந்தது, பயன்படுத்திவிட்டுத் தூக்கிப் போடும்படி தொழிற்சாலையில் செய்யக்கூடியது. 1957 டிசம்பரில் டெட்சுசோ அகுட்சுவுடன் சேர்ந்து ஒரு நாய்க்குச் செயற்கை இதயம் பொருத்தினார், அது தொண்ணூறு நிமிடம் உயிரோடு இருந்தது.

டி இணைப்பின் நடுக்காலில் சிரிஞ்சை மாட்டுங்கள். ஒரு பக்கம் வால்வு தண்ணீரை உள்ளே விடும்படியும் மறுபக்கம் வெளியே விடும்படியும் இருக்கட்டும், அம்புக்குறி பார்த்துப் பொருத்துங்கள். ஒரு குழாய் ஒரு வாளியில், மற்றது அடுத்த வாளியில். இழுத்தால் நிரம்பும், தள்ளினால் போகும், திரும்பி வராது. இதயத்தின் ஒரு பக்கம் இவ்வளவுதான். இப்போது சவால்: ஒரு துடிப்புக்கு 70 மில்லி, நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் ஏறத்தாழ ஐந்து லிட்டர். சிரிஞ்சால் ஒரு நிமிடத்தில் எவ்வளவு தள்ள முடிகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள், பலசாலிப் பையனுக்கும் கை கடுக்கும். அதே வேகத்தில் ஒரு நாளைக்கு 1,00,800 முறை, ஒருநாளும் நிற்காமல். டயாலிசிஸ் இயந்திரம் பழுதானால் நாளைக்கு வாருங்கள் என்று சொல்லலாம், இதயத்துக்கு அந்த வசதி இல்லை.

1967-ல் கோல்ஃப் யூட்டா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே செயற்கை இதயம், செயற்கைக் கை, செயற்கைப் பார்வை என்று பல குழுக்கள் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தன. ஒவ்வோர் இதய வடிவத்துக்கும் அதில் உழைத்த இளைஞரின் பெயரையே வைப்பது அவர் வழக்கம், அதனால்தான் 1982 டிசம்பர் 2-ம் தேதி வில்லியம் டிவ்ரீஸ் பொருத்திய இதயம் ராபர்ட் ஜார்விக் பெயரில் ஜார்விக்-7 என்று அறியப்பட்டது. அதைப் பெற்றுக்கொண்டவர் சியாட்டிலைச் சேர்ந்த அறுபத்தொரு வயதுப் பல் மருத்துவர் பார்னி கிளார்க். வெளியே ஒரு பெரிய பெட்டி காற்றைத் துடிப்பு துடிப்பாக அனுப்ப, நெஞ்சுக்குள் இருந்த சவ்வு ஏறி இறங்கி ரத்தத்தைத் தள்ளியது. வலிப்பு, ரத்தக்கசிவு, ஒரு வால்வு உடைந்து மாற்றியது என்று நிறைய அவதிப்பட்டு 112 நாள் இருந்தார். அதே வடிவத்திலிருந்து வந்த இதயங்கள் பின்னாளில் மாற்று இதயம் கிடைக்கும் வரை நோயாளியைத் தாங்கிப் பிடிக்கப் பயன்பட்டன.

கேள்வி நேரம்

பெரும்பாலும் மூன்று கேள்விகள் வரும். ஆரம்பத்தில் ரத்தக்குழாய் தீர்ந்துபோய்த்தானே அந்தப் பெண் இறந்தார், இப்போது எப்படி ஆண்டுக்கணக்கில் செய்கிறார்கள் என்பது ஒன்று. அதைத் தீர்த்தவர் சியாட்டிலின் பெல்டிங் ஸ்கிரிப்னர், 1960-ல் டெஃப்லான் குழாயைக் கையிலேயே நிரந்தரமாக வைத்துவிடும் முறையைக் கொண்டுவந்தார். கோல்ஃபுக்கும் அவருக்கும் 2002-ல் சேர்த்து லாஸ்கர் விருது கொடுத்தார்கள். நோபல் கிடைத்ததா என்பது அடுத்தது, இல்லை. மூன்றாவது கேள்விதான் கஷ்டமானது: இதயத்தையே உள்ளே வைத்துவிட்டார்கள், சிறுநீரகத்தை ஏன் இன்னும் வைக்கவில்லை? உங்கள் தட்டில் நிறம் மாறிய தண்ணீரைக் காட்டுங்கள். அத்தனை குளியல் நீரை உடம்புக்குள் எங்கே வைப்பது? அதோடு சிறுநீரகம் வடிகட்டுவதோடு நிற்பதில்லை, ரத்த அணு உற்பத்திக்கான ஹார்மோனைச் சுரக்கிறது, வைட்டமின் டி-யைப் பயன்படும் வடிவத்துக்கு மாற்றுகிறது, இரவும் பகலும் உப்பையும் நீரையும் சமன் செய்கிறது. கோல்ஃப் யூட்டாவில் உடம்பில் மாட்டிக்கொண்டு நடக்கும்படியான சிறுநீரகத்தைச் செய்து பார்த்தார். 2009-ல் தொண்ணூற்றெட்டு வயதுக்கு மூன்று நாள் இருக்கும்போது அவர் இறந்தார், அந்த வேலை இன்னும் பல ஆய்வகங்களில் நடந்துகொண்டிருக்கிறது.

முடிந்ததும் அயோடின் பட்ட பைகளைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், மிச்சமுள்ள காய்ந்த குழலைக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் அடுத்த வகுப்புக்கு ஆகும். நனைந்ததை மறுபடி காயவைத்தால் நொறுங்கிவிடும்.